பூட்டுக்காரரின் செருப்பு

செத்தவர்கள் எல்லாரும் ஏன் முதலில் செருப்பைப் பற்றியே குறை சொல்கிறார்கள் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். விசாரணை அதிகாரியாக அவளுக்குப் பதினோரு வருட சர்வீஸ். இறந்தவரின் செருப்பை மாட்டிக்கொண்டு ஏழடி நடந்தால், எட்டாவது அடியில் அவர் எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். முதல் வருடம் போலீஸ்காரர்கள் பயந்தார்கள். அடுத்த வருடம், அப்படி வந்து உட்கார்ந்தவர்களுக்கு மின்விசிறி போட்டார்கள். அதன்பிறகு யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவள் எழுதுவதே முடிவு.

அன்றைக்கு வந்தவர் பூட்டு ரிப்பேர்காரர். கடையின் பின்னறையில் நெற்றிக் காயத்தோடு கிடந்தார். பூட்டியிருந்த கதவை உடைத்துத்தான் உடலை எடுத்தார்கள். சாவியில்லாமல் அப்படிப் பூட்டத் தெரிந்தவர் அந்தத் தெருவில் இன்னொருவர்தான்: எதிர்க்கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி. அண்ணனோடு ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. சந்தேகத்தில் இரண்டு நாளாக அந்தத் தம்பி லாக்கப்பில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இடது செருப்புல ஆணி குத்தும், பார்த்தும்மா."

"குத்துதுண்ணே. யாரு அடிச்சாங்க? அதைச் சொல்லுங்க."

அவர் விட்டத்தைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், கொஞ்சம் மழுப்பினார். பிறகு எல்லாம் வந்தது. புதிதாக ஒரு பூட்டு செய்திருக்கிறார். யாராலும் திறக்க முடியாத பூட்டு. சோதித்துப் பார்க்க உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார். அவராலும் திறக்க முடியவில்லை. ஜன்னல் வழியாக ஒரு குரல் கொடுத்தால் போதும், தம்பி வந்து இரண்டே நிமிடத்தில் திறந்திருப்பார். திறந்துவிட்டுச் சிரித்திருப்பார். மூன்று மணி நேரம் கழித்து நெஞ்சு அடைத்தது. மேசை முனையில் நெற்றி இடிக்க விழுந்தார். அப்போதும் கூப்பிடவில்லை.

"தம்பிதான்னு எழுதிடும்மா. கொஞ்ச நாள் உள்ள இருந்தா என்ன, குடியா முழுகிடும்? இல்லேன்னா தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. புருஷனோடு சண்டை போட்ட ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, அடுத்த அறையில் இருந்தவனைக் கூப்பிடாமல் சுவரைப் பிடித்தே எழுந்தவள்தான் அவளும். அவள் நெஞ்சு தாங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடந்ததை அப்படியே எழுதி முடித்து, செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். வழக்கமாக அத்தோடு போய்விடுவார்கள். இவர் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் போய் லாக்கப்பைத் திறக்கப் பார்த்தாள்; சாவி சிக்கிக்கொண்டது. அவருக்குக் கை பரபரத்தது.

"லேசாத் தூக்கித் திருப்பும்மா."

திறந்துகொண்டது.

"அப்படியே அந்த எழுத்தையும் கொஞ்சம் திருப்பி..."

"மாட்டேண்ணே," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தம்பி வெளியே வர வழிவிட்டு நின்றாள்.