காவு கேட்ட மிஷின்

"காலை எங்கடி வெச்ச? சொல்லு, எங்க வெச்ச?"

வேம்புலியம்மாள் மருமகளின் கொண்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் ரேகாவின் நெற்றி கதவு நிலையில் மோதியது. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது, யாரும் இறக்கவில்லை. கட்டிலில் கிஷோர் வலது கையை நெஞ்சின் மேல் வைத்துப் படுத்திருந்தான். கட்டுக்குள் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். நடுவிலிருந்த மூன்றையும் அம்பத்தூர் பட்டறையில் இரும்புத் தகடு நசுக்கி எடுத்துவிட்டது.

"ஊட்டுக்குத் தூரமா கீறப்ப இரும்பு பிளேட்டைத் தாண்டிக்கினு போயிருக்கா. மிஷினு சும்மா உடுமா? எம்புள்ள கைய துன்னுட்ச்சு!"

"அத்தே, பிளேட்டு தூக்கற செயின் பிளாக்கு அறுந்து மாசக்கணக்கா தொங்குது. அவ்ளோ பெரிய பிளேட்ட நாலு பேரு வெறுங்கையால தூக்குனாங்கோ. யோவ், நீயே சொல்லுய்யா."

கிஷோர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மாமியார் அடித்ததைவிட அதுதான் ரேகாவுக்கு வலித்தது.

அவளுக்கும் அதே பட்டறையில்தான் இரும்புத்தூள் கூட்டுகிற வேலை. கிஷோருக்குக் கை போன அன்றைக்கு வயிற்று வலி என்று அரை நாள் லீவு கேட்டது வினையாகப் போயிற்று. தீட்டுதான் காரணம் என்று சூப்பர்வைசர் தமிழரசு கண்டுபிடித்துவிட்டான். முதலாளி ஜெயராமன் தீர்ப்பே சொல்லிவிட்டார். மிஷின் காவு கேட்கிறதாம். ஆடு வெட்ட வேண்டுமாம். ரேகா மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, எல்லார் முன்னாலும் மிஷினைக் கும்பிட்டு, "என்னாலதான்" என்று சொல்ல வேண்டுமாம். சொன்னால் கிஷோருக்கு வாட்ச்மேன் வேலை. சொல்லாவிட்டால் இரண்டு பேருமே வீட்டுக்கு. சொல்லிவிட்டாலோ, போன விரல்களுக்கு முதலாளி பொறுப்பில்லை. அடப் பாவிகளா! ரத்தம் கேட்கத் தெரிந்த மிஷினுக்கு ஒரு செயின் பிளாக் கேட்கத் தெரியவில்லையா?

வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு ரேகா பட்டறைக்குப் போனாள். கிஷோரும் வேம்புலியம்மாளும் பின்னால் வந்தார்கள்.

"காவு முடியறவரைக்கும் நீ கேட்டுக்கு வெளிய நில்லு. தீட்டு உள்ள வரக்கூடாது," என்றார் ஜெயராமன்.

மாலை போட்ட ஆடு முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. தமிழரசு அதன் காதைப் பிடித்து இழுத்துப் போனான். முதல் வெட்டு கழுத்தில் பாதிதான் இறங்கியது. ஆட்டின் தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை, காற்றுதான் சீறியது. இரண்டாவது வெட்டில் தலை உருண்டது. ஜெயராமன் ரத்தத்தை அள்ளி மிஷினில் பூசினார். மிச்சம் தரையெங்கும் ஓடியது.

"சூடு ஆறறதுக்குள்ள மொத பிளேட்ட ஏத்துங்கடா!"

பூஜை என்று எல்லாரும் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். கிஷோர் பிடிக்கிற மூலைக்கு ஆளில்லாததால் தமிழரசே பிடித்தான். மிஷின் பக்கம் வந்ததும் முன்னால் போனவனின் வெறுங்கால் ரத்தத்தில் வழுக்கியது. தகடு சாய்ந்து, தமிழரசின் இரண்டு கைகளையும் மிஷின் மேடையோடு வைத்து நசுக்கியது.

அன்றைக்குக் கிஷோர் போட்ட அதே அலறல், ரேகாவுக்குத் தெரியும். குடத்தோடு உள்ளே ஓடினாள். ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பியபோது விரல்கள் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தன. குடத்தைக் கீழே வைத்து, ஜெயராமனின் தோளிலிருந்த பூஜைத் துண்டைப் பிடுங்கித் தமிழரசின் கைகளில் சுற்றினாள். இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்கள்.

"எவடா உள்ள வந்தது? எவ காலு பட்டுச்சு?" ஜெயராமன் கத்தினார்.

"நான் கேட்டாண்டதான நின்னுகினு இருந்தேன்? நீதான சார் நிக்க வெச்ச?"

அவர் சுற்றிலும் தேடினார். உள்ளே வேறு பெண்ணே இல்லை.

"அப்போ... ஒரு ஆடு பத்தல போலகீது," என்று முணுமுணுத்தார்.

"ஆடு இல்ல சார். செயின் பிளாக்கு," என்றது ஒரு குரல். கேட்டருகே கிஷோர் கட்டுப்போட்ட கையை உயர்த்தி மேலே காட்டிக்கொண்டிருந்தான். அறுந்த சங்கிலி அங்கேதான் தொங்கியது. அவன் பக்கத்திலேயே நின்றிருந்த வேம்புலியம்மாள், மகன் காட்டிய இடத்தையே பார்த்தாள்.

ரேகா குடத்தைத் தூக்கினாள். ஜெயராமன் சுதாரிப்பதற்குள் அவர் தலையில் கவிழ்த்தாள். மஞ்சள் தண்ணீர் வெள்ளைச் சட்டையில் வழிந்து தரையில் ரத்தத்தோடு கலந்தது.

"கும்புடு சார். எல்லார் முன்னாடியும் சொல்லு... 'என்னாலதான்'னு."