வந்தாச்சா என்றொரு வைஃபை

எங்கள் வீட்டு வைஃபைக்கு என் மனைவி வைத்த பெயர் "வந்தாச்சா". தெருவில் மற்ற வீடுகளில் கம்பெனிக்காரன் கொடுத்த பெயரும் பின்னால் நாலைந்து எண்ணும் இருக்கும். எங்களுடையது மட்டும் தமிழில் கேள்வி கேட்கும்.

அதற்குக் காரணம் நான்தான். அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிழை திருத்தியவன். சத்தம் போடாமல் இருந்து பழகிவிட்டேன். பக்கவாட்டு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து, மூலையில் உட்கார்ந்து எதையாவது படிக்க ஆரம்பித்துவிடுவேன். என் மனைவி முன் அறையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். யாருக்காவது கண் பரிசோதித்துக்கொண்டே, கதவுப் பக்கம் திரும்பி, "வந்தாச்சா?" என்று குரல் கொடுப்பாள். படிக்கிற மும்முரத்தில் பல நாள் எனக்குக் காதிலேயே விழாது. வைஃபை பெட்டியைப் பொருத்திய அன்று, "உங்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குது. இனிமே இந்தப் பெட்டி கேக்கட்டும்" என்று அந்தப் பெயரை வைத்துவிட்டாள்.

எனக்கு வெளியில் நெட் கிடையாது. வீட்டு வைஃபை மட்டும்தான். தெரு முனையில் டயர் கடை தாண்டியதும் போன் அதைப் பிடித்துவிடும். திரையை விரலால் கீழே இழுத்தால் "வந்தாச்சா, இணைக்கப்பட்டது" என்று இருக்கும். அங்கே நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பேன். அவள் போய்ப் பத்து மாதம் ஆன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை.

கடையைப் பூட்டியே வைத்திருந்தேன். மருந்துக் கடைக்காரர் ஒருவர் இரண்டு தடவை வந்து இடத்தை வாடகைக்குக் கேட்டார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் மச்சினி, மனைவியின் தங்கை, இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். அவளுக்கும் அதே தொழில்தான். அக்காவும் தங்கையும் ஒரே கடையில் ஒன்றாக வேலை பழகியவர்கள். அவள் வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள்.

"அத்தான், அக்கா நாற்காலி சும்மாதானே கெடக்குது? நான் உக்காந்துக்கறேன்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரம் இருவரும் தூசி தட்டினோம். மாடியிலிருந்த வைஃபை பெட்டியைக்கூடத் துடைத்தேன், ஒயர் எதையும் அசைக்காமல்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடை திறப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் காலையில் கண் அளவு பார்க்கும் புது மெஷின் வந்தது. முகவாயை வைத்து உள்ளே பார்த்தால் அளவை அதுவே கணக்கிட்டு, லென்ஸ் செய்யும் இடத்துக்கு அனுப்பிவிடுமாம். மச்சினி அதை மேஜையில் ஏற்றி ஒயரைச் சொருகினாள். திரை விழித்தது. கேட்ட முதல் கேள்வியே வைஃபை பாஸ்வேர்டு.

"அத்தான், பாஸ்வேர்டு என்ன?"

"தெரியாதே."

"தெரியாதா? உங்க வீட்டு வைஃபைங்க!"

"அதெல்லாம் உங்க அக்கா டிபார்ட்மென்ட்."

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டிலிருந்ததை அடித்துப் பார்த்தோம். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. மனைவி அதை முதல் நாளே மாற்றியிருக்க வேண்டும். அவள் போனும் இல்லை. துணி அலசும் வாளிக்குள் விழுந்து செத்துப்போயிருந்தது. வேறு வாங்கும் அளவுக்கு அதன் பிறகு அவளுக்கு நாள் இருக்கவில்லை.

மச்சினி நாற்காலியை இழுத்துப் போட்டு, வரிசையாக ஊகிக்க ஆரம்பித்தாள். அக்கா பிறந்த நாள், எங்கள் கல்யாண நாள், மகன் பிறந்த நாள்.

"உங்க பிறந்த நாளைப் போட்டுப் பார்க்கட்டுமா?"

"அவ அதை ஞாபகம் வெச்சிருந்தாத்தானே!"

"நீங்க மட்டும் அவளுதை வெச்சிருந்தீங்களாக்கும்? ஒவ்வொரு வருஷமும் எனக்குப் போன் பண்ணி, 'இன்னிக்கா நாளைக்கா'ன்னு கேப்பீங்களே."

அதையும் போட்டாள். அதுவும் இல்லை.

மதியம் தன் போனில் என் மகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். அவன் வேறு ஊரில் இருக்கிறான். "இதுக்கு ஏன் சித்தி மண்டையை உடைச்சிக்கறீங்க? சர்வீஸ் ஆளை வரச் சொல்லுங்க. ரீசெட் பண்ணிக் கொடுத்துடுவாரு. அஞ்சு நிமிஷ வேலை" என்றான்.

"ரீசெட் பண்ணா என்ன ஆகும்?" என்று நான் கேட்டேன்.

"எல்லாம் அழிஞ்சு புதுசா வரும்பா. பேரு, பாஸ்வேர்டு எல்லாமே."

பெட்டி இருந்த மாடிப் பக்கம் பார்த்தேன். மச்சினி என் முகத்தைப் பார்த்தாள். "பேரு போனா என்ன அத்தான்? அதே பேரைத் திரும்ப வெச்சுக்கலாம்" என்றாள்.

நான் தலையாட்டினேன். ஆனால் நான் வைத்தால் அது நான் என்னையே கேட்டுக்கொள்வதாகத்தானே இருக்கும்? அவள் கேட்டதாக ஆகுமா? அறுபத்தாறு வயசு மனிதன் இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

"உங்க போன்ல நெட் வருதா அத்தான்? அதுல ஏதாவது தெரியுதான்னு பார்க்கலாம், கொடுங்க."

இந்த இடத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. "இதுல நெட்டே வர்றதில்லை. பழைய போன்" என்றேன். பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க வேண்டும். அந்தப் போனை வாங்கிக் கொடுத்த அன்று என் மனைவி ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள். செட்டிங்ஸ் என்று பல்சக்கரப் படம் ஒன்று இருக்கிறதல்லவா, அதற்குள் போகக் கூடாது. அவளே உள்ளே போய் வைஃபையைக் காட்டினாள். "வந்தாச்சா" என்ற பெயருக்குக் கீழே "மற" என்று ஒரு பொத்தான். "இதைத் தொட்டீங்கன்னா உங்க போன் நம்ம வீட்டையே மறந்துடும். அப்புறம் நான் வந்துதான் சரி பண்ணணும்" என்றாள். அச்சடித்த வார்த்தையை நான் எப்போதும் அப்படியே நம்புகிறவன். அன்றிலிருந்து பல்சக்கரத்தின் பக்கமே போனதில்லை. இப்போது மச்சினி அதற்குள் போய், கை தவறி அதை அமுக்கிவிட்டால்? சரி பண்ண வருவதற்கு யார் இருக்கிறார்கள்?

சர்வீஸ்காரர் நாலு மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் ஒயர் சுருள், காதில் பென்சில். மாடிக்கு ஏறிப் பெட்டியைக் கீழே இறக்கி, தன் சுருளிலிருந்த ஒயரால் இணைப்பை நீட்டிக் கொடுத்து, விளக்குகள் எரிய மேஜைமேல் வைத்தார். அதை ஒரு கைக்குழந்தையைப் போலத் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டைக் காலரிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தார்.

"இந்தச் சின்ன ஓட்டைக்குள்ள பத்து செகண்டு அமுக்கணும். அவ்வளவுதான்."

"ஒரு நிமிஷம்" என்றேன்.

"என்ன சார்?"

என்ன சொல்வது? "டீ குடிச்சிட்டுப் பண்ணுங்களேன்."

டீ வந்தது, குடித்தார். குண்டூசியை மறுபடி எடுத்தார்.

"ஒரு நிமிஷம்."

"இப்ப என்ன சார், பிஸ்கட்டா?"

மச்சினி என்னை முறைத்தாள். "அத்தான், உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

அப்போது என் சட்டைப் பை பாட ஆரம்பித்தது. சாதாரண மணி அல்ல. வீடியோ அழைப்புக்கு என்று மகன் வைத்துக் கொடுத்த குதிரைக் கனைப்பு. நான் அமுக்க அமுக்க அது இன்னும் பலமாகக் கனைத்தது. மச்சினி கையை நீட்டினாள். போனை எடுத்துக் கொடுத்தேன். திரையில் மகனின் முகம்.

"என்னப்பா, ஆள் வந்தாச்சா?" என்றான்.

"வந்தாச்சுடா. இங்க இன்னொரு விஷயமும் வெளிய வந்தாச்சு. அப்புறமா பேசறேன்" என்று மச்சினி அழைப்பைத் துண்டித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நெட்டே வராத போன்ல உங்க புள்ளை மூஞ்சி எப்படி வந்துச்சு?"

சர்வீஸ்காரர் குண்டூசியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

வேறு வழியில்லாமல் சொன்னேன். டயர் கடை முனையை, அங்கே தினமும் நின்று பார்ப்பதை, "மற" என்ற பொத்தானை எல்லாம் சொன்னேன். நான் வைத்தால் அது நான் கேட்பதாக இருக்கும் என்பதையும் எப்படியோ சொல்லி முடித்தேன்.

மச்சினி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. புடவை முந்தியால் மெஷின் திரையைத் துடைத்தாள். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. "காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

சர்வீஸ்காரர் குண்டூசியைக் காலரில் திரும்பக் குத்திக்கொண்டார். "சார், உங்க போன்ல நெட் வருதுன்னா அதுக்குப் பாஸ்வேர்டு தெரியும்னு அர்த்தம். அதைக் கேட்டா அது சொல்லிட்டுப் போகுது."

"சொல்லுமா?"

"கொடுங்க. இல்ல, வேணாம். நீங்களே பண்ணுங்க, அப்பத்தான் உங்களுக்கும் நிம்மதி. பல்சக்கரத்தைத் தொடுங்க."

தொட்டேன். மனைவியின் கட்டளையை மீறியது அதுதான் முதல் தடவை. வைஃபை என்ற வரியைத் தொடச் சொன்னார். பிறகு "வந்தாச்சா" என்ற பெயரை. அதே பக்கம் திறந்தது. அதே "மற". அதற்கு ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு பொத்தான் இருந்தது, "பகிர்". முப்பத்திரண்டு வருஷம் வரிவரியாகப் பிழை பார்த்தவன், பக்கத்தில் இருந்த வார்த்தையைப் படிக்காமலே விட்டிருக்கிறேன்.

"அதை அமுக்குங்க. மத்ததைத் தொட்டுடாதீங்க" என்று சர்வீஸ்காரர் கண்ணடித்தார்.

என்னுடைய விரல் ரேகையைக் கேட்டது. கட்டைவிரலை வைத்தேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஒரு சதுரம் வந்தது. அதன் அடியில் கடுகு சைஸில் எண்கள். எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி சமையலறையில் இருந்தது.

மச்சினி போனை வாங்கி வாசித்தாள். முதல் எண்ணைச் சொன்னாள், இரண்டாவது, மூன்றாவது. பிறகு போனைக் கீழே இறக்கிவிட்டாள். மீதி ஐந்தையும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று ஒப்பித்தாள்.

"என்னம்மா, பார்க்காமலே சொல்றீங்க?" என்றார் சர்வீஸ்காரர்.

மச்சினி சுவரைக் காட்டினாள். அங்கே மனைவியின் எண் அட்டை தொங்கியது. கண் பரிசோதிக்கும் அட்டைகளில், எழுத்துப் படிக்காதவர்களுக்காக எண்களை மட்டும் அச்சடித்தது ஒன்று உண்டு. மேலே பெரிய எண் ஒன்று, கீழே போகப் போகச் சின்னதாகி, கடைசியான எட்டாவது வரியில் எட்டு எண்கள்.

எழுத்தே தொழிலான எனக்கு என் மனைவி அந்த அட்டையில்தான் வருஷா வருஷம் பரிசோதனை செய்வாள். எழுத்து அட்டையில் நான் ஏமாற்றுகிறேனாம். "நீங்க எங்க படிக்கிறீங்க? முதல் எழுத்தைப் பார்த்துட்டு மீதியை ஊகிக்கிறீங்க. எண்ணை ஊகிக்க முடியாது. உங்களுக்கு இதுதான்" என்பாள். இருபது அடி தள்ளி, சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பாள். ஏழாவது வரி வரைக்கும் தட்டுத்தடுமாறி வருவேன். எட்டாவது வரி ஒரு வருஷமும் வந்ததில்லை. எழுந்து போய்ப் பார்த்துவிடலாம்தான். அது பரீட்சையில் காப்பி அடிப்பதுபோல என்று விட்டுவிடுவேன். "கடைசி வரி எனக்கு மட்டும்தான், விடுங்க" என்று விளக்கைப் போடுவாள்.

அந்த வரியைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் அது என் எதிரிலேயே தொங்கியிருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். இன்னமும் எங்கள் பாஸ்வேர்டு அதுதான்.

"அக்காவும் நானும் வேலை பழகினதே இந்த அட்டையிலதான். ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்ன வரி. எனக்குத் தோணவே இல்ல பாருங்க. கல்யாண நாளாம், பிறந்த நாளாம்!" என்று மச்சினி தலையில் அடித்துக்கொண்டாள். சர்வீஸ்காரர் பெட்டியை மாடியில் பழைய இடத்திலேயே பொருத்திவிட்டு வந்ததும், மெஷினில் எட்டு எண்களையும் அடித்தாள். ஒரு வட்டம் சுற்றியது. "வந்தாச்சா, இணைக்கப்பட்டது" என்றது மெஷின்.

சர்வீஸ்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த தடவை போனை ஒளிக்கிறதா இருந்தா சத்தத்தைக் குறைச்சு வைங்க சார். குதிரையைச் சட்டைப் பையில வளர்க்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மச்சினி கவலையாக என்னைப் பார்த்தாள். "இனிமே உங்களை எதை வெச்சு டெஸ்ட் பண்றது? கடைசி வரியைக் கேட்டுட்டீங்களே."

"எனக்கு எண் எதுவும் மனசுல நிக்காது. நாளைக்கே மறந்துடுவேன்."

"அப்படின்னா சரி. சுலபமா சமாளிக்கலாம்."

மறுநாள் ஒன்பது மணிக்குக் கடை திறந்தது. நான் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தது அவளுக்குத் தொந்தரவாக இருந்திருக்கும். "லென்ஸ் துடைக்கத் துணி வேணும், வாங்கிட்டு வாங்க" என்று விரட்டினாள். அலமாரியில் ஒரு கட்டுத் துணி இருந்ததை நான் பார்த்திருந்தேன். இருந்தாலும் போனேன்.

திரும்பும்போது டயர் கடை முனையில் நின்று திரையை இழுத்துப் பார்த்தேன். இருந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்குப் பக்கவாட்டு வாசலுக்குப் போகாமல் கடை வழியாகவே ஏறினேன். சமையலறை வாசல் நாற்காலியில் ஒரு பெரியவர், ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, எண் அட்டையோடு போராடிக்கொண்டிருந்தார். மச்சினி குச்சியால் எட்டாவது வரியைத் தட்டினாள்.

"ஊகிக்காதீங்கய்யா. தெரிஞ்சாச் சொல்லுங்க, தெரியலைன்னா விடுங்க."