இருபத்து மூன்று பேர்

அன்று காலையிலும் காளியம்மாவைப் பிரம்பால் அடித்திருந்தேன். பத்து வயதாகியும், ஏழு பெரிதா ஒன்பது பெரிதா என்று கேட்டால் என் முகத்தையே பார்ப்பாள். புளியங்கொட்டையை எண்ணச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் சொல்வாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று எனக்கு எரிச்சல்.

காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்ட்காரர்களை அடக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்த பிறகு, கோலசிலாங்கூர்ப் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் கம்பிக்கு வெளியே. காலையில் எத்தனை பிள்ளைகளை அழைத்துப் போனேனோ, அத்தனை பேரையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

மதியம் ரப்பர் காட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பிள்ளைகளை விரட்டிக்கொண்டு வந்தேன். கம்பிவேலி வாசலில் எண்ணினேன், காலையில் போன அதே இருபத்து மூன்று. காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் எண்ணினார், இருபத்து மூன்று. கதவைச் சாத்தப் போனார்.

காளியம்மா என் சேலையை இழுத்தாள். "டீச்சர், மாடில்டா வரல."

"கணக்கு சரியா இருக்குலா. பேசாம உள்ள போ."

"இல்ல டீச்சர். அந்தப் பச்சப் பாவாட நம்ம பள்ளிக்கூடமே இல்ல."

திரும்பிப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சத்தத்துக்குப் பயந்து எங்கள் வரிசையில் புகுந்திருக்கிறாள்.

போலீஸ்காரரிடம் கெஞ்சிவிட்டு ஓடினேன். மாடில்டா வகுப்பு மேசைக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, காளியம்மா வாசலிலேயே நின்றாள். அவளைத் தொட வேண்டும் போலிருந்தது, கையை நீட்டினேன்.

எதிர்த்துப் பேசியதற்கு அடி என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.