ஐந்து மில்லி தண்ணீர்

பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸான அவளுக்கு 'அளவு சிஸ்டர்' என்றுதான் பெயர். மருந்தை அளப்பாள், பாலை அளப்பாள், நனைந்த துணியை எடை போட்டு மூத்திரத்தைக்கூட அளப்பாள். வாய்க்கு மட்டும் அளவு கிடையாது. பெரிய டாக்டரே ஆனாலும் முகத்துக்கு நேரே வெடுக்கென்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பங்குச் சாமியாரின் அறையில், கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கோயில், சாமி என்று எதோடும் ஒட்டாமல் வளர்ந்தவளுக்கு இங்கே என்ன வேலை?

வேலை இருந்தது. பத்து மாதத்துக்கு முன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் இந்தத் தாய் மூன்று மாதம் முன்கூட்டியே இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றாள். ஆணொன்று, பெண்ணொன்று, இரண்டும் உள்ளங்கை நீளம்தான். சாமியார் ஊரில் இல்லை. தாய் இவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "சிஸ்டர், அவசரத்துக்கு யார் வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம். குடுத்துடுங்க." சொல்ல வேண்டிய வார்த்தைகளையும் அவளே மூச்சு வாங்கச் சொல்லிக்கொடுத்தாள். சிஸ்டர் உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பையன் அன்று சாயங்காலம்கூடப் பார்க்கவில்லை. பெண் எழுபது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்து, இப்போது தாய் மடியில் கொழுகொழுவென்று உட்கார்ந்து சாமியாரின் பேனாவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

நாளை கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் நான்காம் ஞாயிறு. குழந்தையைக் கோயிலில் சேர்க்கும் நாள். ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரு தடவைதான். சிஸ்டர் கொடுத்தது செல்லுமென்றால் நாளைக்கு எண்ணெய் உண்டு, வெள்ளை உடுப்பு உண்டு, மெழுகுவத்தி உண்டு, தண்ணீர் மட்டும் கிடையாது. அங்கேதான் சிக்கல்.

"ஞானஸ்நானமே வாங்காதவங்க குடுத்தா அது எப்படி ஃபாதர் செல்லும்?" என்றாள் பக்கத்தில் இருந்த தாயின் நாத்தனார். நாளைக்கு ஞானத்தாயாக நிற்கப்போகிறவள் அவள்தான். "மறுபடி ஒரு தரம் ஊத்திட்டா என்ன குறைஞ்சு போகுது?"

"வேண்டாம் அண்ணி!" தாய் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "இவளுக்கு மறுபடி ஊத்துனா அன்னைக்கு நடந்தது ஒண்ணுமில்லைன்னு ஆயிடும். அப்போ அவன் ஒண்ணுமில்லாமலா போனான்? அவனுக்கு மறுபடி ஊத்த முடியுமா?"

நாத்தனார் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். இது அவள் நினைத்தே பார்க்காதது.

சாமியாருக்குக் கடும் ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிஸ்டர் பக்கம் திரும்பினார். "யார் குடுத்தாலும் செல்லும்மா. என்ன நினைச்சுக் குடுத்தீங்க?"

"எனக்கென்ன தெரியும் ஃபாதர்? இந்தம்மா எதைக் கேட்டாங்களோ அதைக் குடுக்கணும்னு நினைச்சேன்."

"அது போதும். தண்ணி தலையில ஓடுச்சா? ரெண்டு பேருக்கும்?"

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தாள். கோயில் முற்றத்தில் குடில் கட்டி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றும் நாலு மெழுகுவத்தியில் மூன்று எரிந்து குட்டையாகியிருந்தன. குழந்தை இயேசுவை வைக்கும் தீவனத் தொட்டி காலியாக இருந்தது. கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்படித்தான் இருக்குமாம். காலித் தொட்டிலை அவளால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பார்வையைத் திருப்பினால் தாயின் கண்கள். 'ஆமான்னு சொல்லிடேன்' என்று அவை கெஞ்சின. ஒரே ஒரு ஆமாம். அதோடு முடிந்தது விவகாரம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் அரை மில்லிக்கும் கணக்கெழுதும் கை அது. பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"பாப்பாவுக்கு ஓடல ஃபாதர். பஞ்சை நனைச்சு நெத்தியில தொட்டேன், அவ்வளவுதான். அந்த எடைக் குழந்தை மேல தண்ணி ஊத்துனா உடம்பு சில்லிட்டுப் போயிடும். உசுருக்கே ஆபத்து." நாற்காலியில் இன்னும் முன்னால் நகர்ந்தாள். "பையனுக்கு மூச்சு இருக்கும்போதே ஊத்துனேன். சிரிஞ்சுல அஞ்சு மில்லி எடுத்து மூணு தரமா ஊத்துனேன். தலையில ஓடி காதுப் பக்கம் வழிஞ்சுது."

"அவனுக்கு மட்டும் ஏன் ஊத்துனீங்க?" என்று கேட்டாள் தாய்.

ஐயோ, இந்தக் கேள்விக்குத்தானே அவள் பத்து மாதமாகப் பயந்தாள்!

"அவனைக் குளிர் இனிமே ஒண்ணும் பண்ணாதுன்னு தெரிஞ்சு போச்சும்மா."

தாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"வெளிய வந்து 'ரெண்டும் நல்லா இருக்கு'ன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன். தையல்கூடப் போட்டு முடியல உங்களுக்கு. வேற என்ன சொல்றதுன்னு தெரியல. மன்னிச்சுக்குங்க."

தாய் குனிந்து குழந்தையின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று சிஸ்டர் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"தண்ணி சில்லுனு இருந்துச்சா சிஸ்டர்?"

"இல்லம்மா. வெதுவெதுன்னு பண்ணி, என் மணிக்கட்டுல விட்டுப் பார்த்துட்டுத்தான் ஊத்துனேன்."

"அவனைத்தான் குளிர் ஒண்ணும் பண்ணாதே?"

"ஆமா. ஆனாலும் பச்சைக் குழந்தையாச்சே."

தாய் வாய்விட்டு அழுதாள். பத்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்த அழுகை அது. நாத்தனார் முந்தானையால் தன் கண்ணைத் துடைப்பதா, தம்பி மனைவியின் கண்ணைத் துடைப்பதா என்று தெரியாமல் தடுமாறினாள்.

சாமியார் பதிவேட்டைத் திறந்தார். "பையனோடது முழு ஞானஸ்நானம். அதை யாராலும் தொட முடியாது. பாப்பாவோடது சந்தேகம். 'இதுவரை பெறாதிருந்தால்'னு சொல்லி நாளைக்கு ஊத்துறேன். அதனால அவனுக்கு ஒரு குறையும் வராது." பையனின் பெயரை முதலில் எழுதினார். கொடுத்தவர் என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து சிஸ்டரின் பெயரைக் கேட்டார். வார்டில் வைத்த பெயரை விட்டுவிட்டு, தன் அப்பா வைத்த பெயரை அவள் மெல்லச் சொன்னாள். இந்தக் கோயிலோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றிருந்தவளின் பெயர் அங்கே மையில் ஏறியது.

கண்ணைத் துடைத்துக்கொண்ட தாய் குழந்தையைத் தூக்கிச் சிஸ்டரின் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு ஃபாதர் ஊத்தும்போது நீங்களும் அண்ணியும் சேர்ந்து பிடிச்சுக்குங்க. இவ இப்போ தண்ணியைத் தாங்குவா."

குழந்தை சிஸ்டரின் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்தது. அவள் அதை விடுவிக்கவில்லை. குழந்தையின் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"துவட்ட ரெண்டு துண்டு எடுத்துட்டு வாங்க," என்றாள் கடைசியில். "ஒண்ணு பத்தாது."