கலப்பரிசி

பழையசீவரம் மலையடிவாரத்தில் இரண்டு நாள் முகாம். சபை வாலிபர் சங்கத்துக்கு இதுதான் முதல் தடவை. மூப்பர் சாமுவேல் ஆறு மாதம் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் ஒரு நிபந்தனையோடு தலையாட்டியிருந்தார்.

"எவனாவது ஒர்த்தன் வயிறு கெட்டுத் திரும்பி வந்தான்னு வெச்சிக்கோ, இதான் முதலும் கடைசியும்."

சங்கத்துக்குச் செயலாளர் துரைராஜ். ஆகவே நிபந்தனை அவன் தலையில் வந்து உட்கார்ந்தது.

அவனுக்கு உத்திரமேரூர்க் கடைத்தெருவில் ஜவுளிக் கடை வேலை. கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவினால் எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுவான். அரிசி விஷயத்தில் அவன் ஞானம் சாப்பாட்டுத் தட்டோடு சரி.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசியில் அது ஆலயத்தில் ஏலத்துக்கு வரும். இந்த மாதத்துப் பிடி அரிசியை முகாமுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கியவன் துரைராஜ்தான். வீடு வீடாகப் போய், எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி, பதினைந்து படி சேர்த்த பெருமையோடு வெள்ளிக்கிழமை காலையில் அக்கா பாக்கியமேரி வீட்டில் இறக்கினான். முகாமுக்குப் போவது ஆண்பிள்ளைகள் பதினெட்டுப் பேர் மட்டும். சாமான் கட்டிக் கொடுப்பது அக்கா பொறுப்பு.

அண்டா, கரண்டி, மிளகாய்த்தூள் டப்பா எல்லாம் கட்டியாயிற்று. பாக்கியமேரி சாக்கை அவிழ்த்தாள். ஒரு கை அள்ளிப் பார்த்தாள். இன்னொரு கை அள்ளினாள்.

"இன்னாடா இது?"

"அரிசி."

"அது தெரியுது. பச்சரிசி, புழுங்கல், செவப்பு, போன வருசத்துது, அல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக்கினு வந்துகீறியே. ஏலத்துல தனித்தனியா வெச்சிருப்பாங்களே, பாத்ததில்ல?"

"ஆக்கினா அல்லாம் சோறுதானக்கா."

அவள் ஒரு பிடியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். வெந்ததைத் தட்டில் போட்டு நீட்டினாள். பச்சரிசி பசையாகக் கரைந்து கிடந்தது. சிவப்பரிசி பல்லில் நறநறவென்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கும் பதினெட்டுப் பேரும், எதிரே மூப்பரும் துரைராஜின் கண்ணில் நின்றார்கள்.

சாக்கைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அரிசிக் கடைக்குப் பறந்தான்.

"பதினஞ்சு படி இருக்குது. ஒரே ரகமா பன்னெண்டு குடுங்க, போதும்."

கடைக்காரர் சாக்குக்குள் பார்த்துவிட்டு வெற்றிலையை மென்றார். துரைராஜ் பத்துக்கு இறங்கினான். எட்டுக்கு இறங்கினான். ஆறு படிக்கு வந்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"இது கோழிக்குத்தான் ஆவும். எங்கிட்ட கோழி இல்ல."

திரும்பி வந்தால் வாசலில் செங்கேணி படுக்கைச் சுருட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். சங்கத்து ஆள், கூலி வேலைக்காரன். ஞானஸ்நானம் எடுத்தும் பழைய பெயரை விடாதவன். கதையைக் கேட்டுச் சிரித்தான்.

"இதுக்காப்பா இந்த மூஞ்சி? எங்க வூட்ல மூணு பேரும் மூணு பண்ணையில கூலி. மூணு தினுசு நெல்லு வருது. எங்களுக்கு டெய்லி இந்த அரிசிதான்."

"எப்பிடிடா வேவுது?"

"ஒடைச்சிடுவோம். நொய்யாக்கிட்டா எது யாரு வூட்டு அரிசின்னு ஒலைக்குத் தெரியாது. கஞ்சி காச்சிக் குடிக்க வேண்டியதுதான்."

பாக்கியமேரி நெற்றியில் தட்டிக்கொண்டாள். "எனுக்குத் தோணல பாரு."

"ஒரே கடையில அரிசி வாங்கறவங்களுக்கு எப்பிடிக்கா தோணும்?"

தெருவிலுள்ள நான்கு வீட்டு எந்திரக்கல்லும் வாசலில் வந்து இறங்கின. படுக்கையைக் கொடுக்க வந்த பையன்கள் அத்தனை பேரும் கல்லைச் சுற்ற உட்கார்ந்தார்கள். துரைராஜின் உள்ளங்கை கொப்பளித்தது. துணி மடிக்கிற கை, பாவம். முதல் நொய்யைப் பாக்கியமேரி பூண்டும் சீரகமும் போட்டுக் கஞ்சியாக்கினாள். கொதித்ததும் எல்லாம் ஒன்றுபோல மலர்ந்தது.

கிளறிக்கொண்டிருக்கும்போதே மூப்பர் வந்துவிட்டார். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தாராம். பாக்கியமேரி ஒரு கிண்ணம் நீட்டினாள். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய். அப்புறம் கிண்ணத்தைக் கவிழ்த்தபடியே குடித்து முடித்தார்.

"ஊறுகா எதனா எடுத்து வெச்சிகிறீங்களா, இல்ல வெறுங்கஞ்சியா?" என்றார்.

ஜவுளிக் கடைக் கணக்குப்படி, இதற்குத் தோதான ரவிக்கைத் துணி இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டுவிட்டால் சேலையை எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். காலையிலிருந்து இழுத்துப் பிடித்திருந்த மூச்சைத் துரைராஜ் மெதுவாக விட்டான்.

"மாங்கா எடுத்துக்கட்டுமா ஐயா, நார்த்தங்கா எடுத்துக்கட்டுமா?"