ஒரே தட்டில் முத்துமாரி கல்யாணம்

"டூயல் லேயர் வேணாம் சாய், சொன்னா கேளு" என்றாள் ஷண்முகப்ரியா. டிவிடி ரைட்டரிலிருந்து வெளியே வந்த டூயல் லேயர் டிஸ்க் வீணாகியிருந்தது. வாங்கிய இரண்டில் இனி ஒன்றுதான் மிச்சம். மயிலாப்பூர் மாட வீதியில் சாய்நாத் நடத்தும் அந்தச் சின்ன ஸ்டூடியோவில் அவன் வீடியோ எடுப்பான், அவள் எடிட் செய்வாள். வருஷக்கணக்காக வேலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"ரெண்டு சாதா டிவிடியா போட்டுடலாம். அவங்க பிளேயர் அரதப் பழசு."

"தாயம்மாக்கா என்ன சொன்னாங்க, மறந்துட்டியா?" என்றான் அவன்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் தாயம்மா, மகள் முத்துமாரியின் கல்யாண வீடியோவைக் குப்பத்துக்கே போட்டுக் காட்டப் போகிறாள். "நடுவுல தட்ட மாத்தினா சனம் டீ குடிக்கப் பூடும் நைனா. அப்பால தாலி கட்டறத யாரு பாக்கறது?" என்று கேட்டிருந்தாள். ஒரே சாதா டிவிடியில் நெருக்கி அடைத்தாலோ கல்யாணப்பெண்ணின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது.

இரண்டு அடுக்காகப் பதியும் டூயல் லேயரில் முழு வீடியோவும் அடங்கும், ஆனால் ஒரு சங்கடம் உண்டு. முதல் அடுக்கு முடிந்து அடுத்ததற்குத் தாவும்போது பழைய பிளேயர்களில் படம் கொஞ்சம் உறைந்து நிற்கும். எங்கே என்று முன்கூட்டித் தெரியாது.

"பந்தியில நின்னா நல்லாருக்கும். அப்பளத்த நிதானமா பாக்கலாம்" என்றான் சாய்நாத்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்தன்று லைட் பிடிக்கும் ஆள் வராததால் அவளே பிடித்தாள். தாலி ஏறி அட்சதை பறந்த நேரத்தில் கேமரா ஒரு வீச்சில் அவளையும் தொட்டுவிட்டுப் போனது. அவள் மணமக்களைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடிட்டிங்கில் அதை வெட்டக் கை வரவில்லை. கண் இமைக்கும் நேரம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது?

இரண்டாவது டிஸ்க் பழுதில்லாமல் பதிவானது.

ஞாயிறு சாயங்காலம் தாயம்மா வீட்டு வாசலில் டிவியைச் சுற்றிக் குப்பமே உட்கார்ந்திருந்தது. கிழட்டு பிளேயர் முக்கி முனகி டிஸ்க்கை ஏற்றுக்கொண்டதும் விசில் பறந்தது. மேளம் கொட்டியது, தாலி ஏறியது, அட்சதை பறந்தது. படம் நின்றது.

அட்சதை அந்தரத்தில் தொங்க, திரை நடுவே ஷண்முகப்ரியா. அந்தக் கண்கள் எங்கே போகின்றன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"இன்னாடி இது! எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறுது, நீ கேமராக்காரன முழுங்கிக்கினு கீறே?" தாயம்மா தொடையைத் தட்டிச் சிரித்தாள். மேளம் மறுபடி தொடங்கியது, யார் காதிலும் விழவில்லை.

வாசற்கால் ஓரம் நின்ற சாய்நாத்தின் காது மடல் சிவந்தது. "நான் தாலியத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றான் அசட்டுத்தனமாக.

"அதான் இம்மா நாளு கோட்டை வுட்டுட்டே! தே, முத்து, திருப்பிப் போடு."

முத்துமாரி ரிமோட்டை அமுக்கினாள். தலைகுனிந்திருந்த ஷண்முகப்ரியா மெல்ல நிமிர்ந்தாள். மேளம் கொட்டியது, அட்சதை பறந்தது, அதே இடத்தில் படம் நின்றது. இந்த முறை யாரும் டிவியைப் பார்க்கவில்லை.