சரக்கு: அய்யா, இடம்: திருப்புல்லாணி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம், தங்கள் மென்பொருளால் வாழ்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றி 'வெற்றிக்கதை' எழுதித் தரச் சொன்னது. முதலில் சிக்கல், அடுத்துத் தீர்வு, கடைசியில் மகிழ்ச்சி. இடையிடையே 'தடையற்ற' என்ற சொல் வர வேண்டும். நான் ராமநாதபுரத்துக்காரன், வாடிக்கையாளர் மண்டபத்தில் இருக்கிறார், பஸ்ஸில் போய் வந்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். வந்ததும் எழுதிய முதல் வரி:

(மண்டபத்தின் கடலோரத்தில் தொழில்நுட்ப அலை வீசத் தொடங்கியபோது, எட்வர்ட் என்னும் தொலைநோக்காளர்...)

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அங்கே அன்று வீசியது கணவாய் மீன் வாடை மட்டும்தான்.

2

எட்வர்டின் கம்பெனி நண்டும் கணவாயும் வாங்கி, சுத்தம் செய்து, ஐஸ் போட்டுக் கொச்சிக்கு அனுப்புகிறது. அலுவலகத்தை நடத்துபவள் ஜெப்சி. ஆர்டர்கள் மின்னஞ்சலில் வரும். ஜெப்சி அவற்றைப் படித்து, எல்லோருடைய போனிலும் இருக்கும் வேலைச் செயலியில் ஒவ்வொன்றாக ஏற்றுவாள். ஒரு வேலைக்கு ஒரு கார்டு. யார் பெயரில் கார்டு வருகிறதோ அவர் வேலையைச் செய்து, படம் எடுத்துப் போட்டு, 'முடிந்தது' என்று அழுத்த வேண்டும். ஜெப்சிக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனிக்கும் காய்ச்சல்.

அதனால் சென்னை மென்பொருளைக் கொண்டு மின்னஞ்சலையும் செயலியையும் இணைத்தார்கள். இனி மின்னஞ்சலை மென்பொருளே படிக்கும். அதில் ஓர் ஊர்ப்பெயரும் 'அவசரம்' என்ற சொல்லும் இருந்தால், அந்தப் பக்கம் ஓடும் வண்டியின் டிரைவருக்குத் தானாகவே கார்டு போய்விடும்.

[அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது: லீவு கேட்பவர்களும் அதே முகவரிக்குத்தான் எழுதுவார்கள். ஒரு கம்பெனிக்கு எதற்கு ரெண்டு முகவரி என்பது எட்வர்டின் கொள்கை. அடிக்குறிப்பில் போட்டால் நீங்கள் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள் என்று இங்கே போட்டேன்.]

3

சேதுலட்சுமி பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். ஊர் திருப்புல்லாணி. ஒரு காலையில் அவளுடைய அய்யா மார்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். இந்த இடத்தில் அவளைக் கண்ணீர் விடும் மகளாகத்தான் முதலில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தவள், "நான் எப்பங்க அழுதேன்? வாரேன்னு சொல்லிட்டு வராத ஆட்டோக்காரனப் போன்ல வஞ்சுக்கிட்டுல்ல நின்னேன்?" என்றாள். திருத்திவிட்டேன்.

வைதுகொண்டிருந்ததற்கு நடுவிலும் அவளுக்கு லீவு சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. 'அய்யாவுக்கு நெஞ்சு வலி. திருப்புல்லாணியில் இருக்கிறேன். அவசரம். இன்று வர இயலாது' என்று அனுப்பிவிட்டாள்.

மென்பொருள் படித்தது. ஊர் இருக்கிறது, அவசரம் இருக்கிறது. கீழக்கரையில் நண்டு ஏற்றப் போய்க்கொண்டிருந்த ஐஸ் வண்டி டிரைவர் சதக்கின் போனில் கார்டு விழுந்தது. அனுப்பியவர்: சேதுலட்சுமி. சரக்கு: அய்யா. இடம்: திருப்புல்லாணி.

ஆட்டோ வருவதற்கு முன் ஐஸ் வண்டி வந்து நின்றது.

"யக்கா, கார்டு வந்துச்சு. என்ன சரக்கு, எத்தன பெட்டி?"

"பெட்டியா? லீவுல்ல கேட்டேன் தம்பி! எங்கய்யாவுக்கு நெஞ்சு வலிக்குதுப்பா."

சதக் போனைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். பிறகு வண்டியின் முன்கதவைத் திறந்துவிட்டான்.

"அய்யாவ இங்கன தூக்கி உக்கார வைங்க. நாத்தத்தப் பாக்காதீங்க."

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னாராம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று. டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எழுதி, அடித்துவிட்டேன். இந்தத் தடவை அது உண்மை.

4

வேலை முடிந்தது. ஆனால் கார்டை மூட வேண்டுமே. இறக்கிய சரக்கின் படம் இல்லாமல் செயலி விடாது. சதக், ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அய்யாவைப் படம் எடுத்துப் போட்டான். வாடிக்கையாளர் பெயர் காலியாக இருந்ததால், மென்பொருள் கடைசியாக ஆர்டர் கொடுத்தவரின் பெயரை எடுத்துக்கொண்டு, 'தங்கள் சரக்கு பத்திரமாக இறக்கப்பட்டது' என்று படத்தோடு கொச்சிக்கு அனுப்பிவிட்டது.

கொச்சிக்காரர் பதறிப்போய் ஜெப்சியைக் கூப்பிட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல் அவள், "கெட்டுப் போகல சார், நல்லாத்தான் இருக்காரு" என்றாளாம்.

வெற்றிக்கதை இங்கேயே முடிந்திருக்கலாம். சென்னை நிறுவனம் விரும்பிய முடிவும் இதுதான் (படம் மட்டும் வேண்டாம் என்றார்கள்).

5

எட்வர்ட் விரும்பவில்லை. "ஏம்மா ஜெப்சி, நான் மீன் கம்பெனி நடத்துறேனா, ஆம்புலன்ஸ் ஓட்டுறேனா? அந்த இணைப்ப வெட்டி விடு."

"வெட்டிருறேன் சார்."

வெட்டவில்லை. அதற்குள் விஷயம் பரவிவிட்டது. ஊர்ப்பெயரும் 'அவசர'மும் போட்டால் யாராவது வருவார்கள் என்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். நண்டு உடைக்கும் அருள்மேரி, வேதாளையில் நிறைமாத மகளுக்கு இடுப்பு வலி என்று எழுதினாள், வண்டி போனது. பாம்பனில் தண்ணீர் லாரி வரவில்லை என்று ஒரு கார்டு. ஐஸ் பெட்டிகளில் தண்ணீர் போனது. புருஷன் பேசவில்லை என்று ஒருத்தி எழுதியதற்கு மட்டும், எந்த வண்டியை அனுப்புவது என்று தெரியாமல் ஜெப்சியே போய் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இத்தனைக்கும் நடுவில் கணவாயும் நண்டும் ஒழுங்காகக் கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தன. எட்வர்டுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

எட்வர்டைக் கல்நெஞ்சராகத்தான் எழுதத் தொடங்கினேன். சரிவரவில்லை. போன வருஷம் மனைவி இறந்துவிட்டார். மகன் கனடாவில். தங்கச்சிமடத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். பேட்டியின்போது, "இதெல்லாம் எழுதாதீங்க தம்பி" என்றார். சென்னைக்கு அனுப்பியதில் எழுதவில்லை.

சனிக்கிழமை ஜெப்சியிடம் கடைசியாகச் சொன்னார்: "நாளைக்கு நானே ஒரு டெஸ்ட் மெசேஜ் போட்டுப் பாப்பேன். யாருக்காச்சும் கார்டு போச்சு, தொலைச்சிருவேன்."

6

ஞாயிறு மத்தியானம் ஜெப்சி என்னைக் கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"சார், கதைய முடிச்சிட்டீங்களா? முடிக்காதீங்க. ஒரு கார்டு வந்திருக்கு."

வாசித்தாள். 'தங்கச்சிமடம். அவசரம். விளமீன் குழம்பு வைத்திருக்கிறேன். சாப்பிட ஆள் இல்லை.' அனுப்பியவர் எட்வர்ட். கார்டு சதக்கின் பெயரில் விழுந்திருந்தது.

"சார், நீங்க எழுதுறவரு. இது டெஸ்டா, நெசமான்னு படிச்சா தெரியாதா?"

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு படித்தேன். சோதனைக்கு எழுதுகிறவர் என்ன மீன் என்று குறிப்பாரா? மாட்டார், அப்படியானால் நிஜம். ஆனால் எட்வர்ட் நாற்பது வருஷமாக எதையும் மீன் பெயர் சொல்லாமல் எழுதியதில்லை, அப்படியானால் சோதனை. குழம்பை 'வைத்திருக்கிறேன்' என்கிறாரே, அவருக்குச் சமைக்கத் தெரியுமா? ஜெப்சிக்கும் தெரியவில்லை.

(முதல் முடிவு: ஜெப்சி இணைப்பை வெட்டுகிறாள். கார்டு மறைகிறது. திங்கட்கிழமை எட்வர்ட் அவளைப் பாராட்டுகிறார், அவள் முகத்தைப் பார்க்காமல்...)

(இரண்டாம் முடிவு: வண்டி நிறைய ஆட்கள் தங்கச்சிமடத்தில் போய் இறங்குகிறார்கள். கதவைத் திறந்த எட்வர்ட் சிரிக்கிறார், அல்லது எல்லோரையும் வேலையைவிட்டு...)

முதலாவதை எழுதினால் ஒரு கிழவரை மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனியே உட்கார வைத்த பாவம் எனக்கு. இரண்டாவதை எழுதினால் இத்தனை பேருடைய வேலைக்கு நான் பொறுப்பு. இரண்டையும் நான் எழுத மாட்டேன். இவ்வளவு தூரம் கூடவே வந்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும்.

ஜெப்சி போனை வைக்கவில்லை. பின்னால் வண்டி உறுமுகிற சத்தம் கேட்கிறது. அதற்கு மேலே சதக்கின் குரல்:

"யாராச்சும் ஒண்ணு சொல்லுங்கக்கா. போகவா, வேணாமா? எனக்கும் பசிக்குதுல்ல."